ஜீப்புக்கு ஸ்டியரிங் ஆர்ம் வாங்கப் போகிறீர்களா? முதலில் அளவெடுங்கள்

ஸ்டியரிங் ஆர்ம், அதாவது முன் சக்கரத்தைப் பிடித்துத் திருப்பும் இரும்புக் கை, மாற்ற வேண்டும் என்று யார் வந்தாலும் முதலில் கேட்பது, "அண்ணே, எது நல்ல தடிமனா இருக்கும்?" என்றுதான். தடிமன் வேண்டியதுதான். ஆனால் உடைந்துபோன ஆர்மைவிட, பொருந்தாமல் மூலையில் கிடக்கும் ஆர்மைத்தான் நான் அதிகம் பார்த்திருக்கிறேன். ஓட்டை தப்பான பக்கத்தில் இருக்கும், டேப்பர் (ஓட்டையின் கூம்புச் சரிவு) தலைகீழாக இருக்கும், ஸ்டியரிங்கை முழுசாக ஒடித்தால் ரிம்மில் உரசும். இவை எல்லாம் ஒரு டேப், ஒரு நூல், ஒரு அட்டைத் துண்டு இருந்தால் வாங்குவதற்கு முன்பே தெரிந்துவிடும் விஷயங்கள். முதல்முறை இந்த வேலையில் இறங்குபவருக்காக, நான் செய்யும் வரிசையிலேயே சொல்கிறேன்.

நம் கரையைப் பற்றி ஒரு வார்த்தை. 2017-ல் அரிச்சல்முனை வரை தார்ச்சாலை வருவதற்கு முன்பு, தனுஷ்கோடிக்கு ஆட்களை ஏற்றிப் போன வண்டிகள் மணலிலும் உப்புத் தண்ணீரிலும்தான் ஓடின. இன்றைக்கும் ஃபைபர் படகைக் கரையேற்றவும், உப்பளத்து வரப்பு வழியே போகவும், பனங்காட்டுக்குள் நுழையவும் ஃபோர் வீல் ஜீப் வேண்டியிருக்கிறது. இங்கே ஸ்டியரிங்குக்கு எதிரிகள் மூன்று. காற்றைக் குறைத்த டயரைப் பிடித்து இழுக்கும் பொலபொல மணல், மணலுக்குள் மறைந்து கிடக்கும் சீமைக்கருவேல மூடு (வெட்டிய மரத்தின் அடிக்கட்டை), எந்தப் போல்ட்டையும் விட்டுவைக்காத உப்பு. மலைப்பாதையில் பாறை ஏறுபவருக்குச் சொல்லப்படும் யோசனை நமக்கு அப்படியே பொருந்தாது.

உங்கள் ஆக்சில் எந்த வகை?

வண்டிக்கு அடியில் படுத்துப் பாருங்கள். முன்பக்கம் இரண்டு சக்கரத்தையும் ஒரே குழாய் ஆக்சில் இணைத்திருந்தால்தான் இங்கே சொல்வது பொருந்தும். மாருதி ஜிப்ஸி, மஹிந்திரா எம்.எம். 540, பழைய வில்லிஸ் எல்லாம் அப்படித்தான். 2020-ல் வந்த புதிய தார் போல முன் சக்கரங்கள் தனித்தனியாக ஏறி இறங்கும் வண்டியின் கணக்கு வேறு.

அடுத்து, ஸ்டியரிங் பாக்ஸிலிருந்து விசை போகும் வழியை விரலால் தொட்டுக்கொண்டே போங்கள். பாக்ஸின் கீழே ஆடுவது பிட்மேன் ஆர்ம். அதிலிருந்து போகும் கம்பி டிராக் லிங்க். அது போய்ச் சேரும் இடம், சக்கரத்தைத் தாங்கும் நக்கிளிலிருந்து நீட்டிக்கொண்டிருக்கும் கை. அதுதான் ஸ்டியரிங் ஆர்ம். ஒரு நக்கிளிலிருந்து இன்னொரு நக்கிளுக்குப் போவது டை ராடு. பழைய வில்லிஸில் ஆக்சில் நடுவில் பெல் கிராங்க் என்று ஒரு முக்கோணத் துண்டு கூடுதலாக இருக்கும்.

அந்தக் கை நக்கிளோடு சேர்த்தே வார்க்கப்பட்டதா, போல்ட் போட்டு மாட்டியதா என்று பாருங்கள். பழைய டொயோட்டா ஆக்சிலில் தனியாகக் கழன்று வரும். கிங்பின் (நக்கிள் திரும்பும் அச்சாணி) வைத்த டேனா 60 என்ற அமெரிக்க ஆக்சிலில் கிங்பின்னின் மேல்மூடியை எடுத்துவிட்டு அந்த இடத்திலேயே புது ஆர்மை உட்கார வைக்கலாம். டேனா 44-ல் மேல்பக்கம் தட்டையாக, கனமாக வார்த்த நக்கிள் கிடைத்தால், அதை மெஷினில் சமப்படுத்தி, துளை போட்டு, மரை வெட்டித்தான் மாட்ட முடியும். சேர்த்து வார்த்த கையை அறுத்து எறிந்துவிட்டு அதன்மேல் வெல்டிங் வைப்பதை யார் சொன்னாலும் செய்யாதீர்கள். ஸ்டியரிங்கில் வெல்டிங் ஒருநாள் விட்டால், அந்த நாள் வண்டி நிற்கும் இடத்தில் விடாது.

எதற்காக மாற்றுகிறீர்கள்?

ஸ்பிரிங் பட்டையை உயர்த்தியிருக்கிறீர்களா? அப்படியானால் டிராக் லிங்க் சரிவாகத் தொங்கும். மேடு ஏறும்போது ஸ்டியரிங் தானாக ஒடிவது இதனால்தான். ஒரு கணக்கு போடுவோம். டிராக் லிங்க் நீளம் 800 மி.மீ., அதன் ஆக்சில் பக்கத்து முனை மற்றதைவிட 150 மி.மீ. தாழ்ந்திருக்கிறது. ஆக்சில் 75 மி.மீ. மேலே எழும்போது லிங்க் பக்கவாட்டில் ஏறக்குறைய 11 மி.மீ. தள்ளும். ஆர்ம் 150 மி.மீ. நீளம் என்றால், நீங்கள் ஸ்டியரிங்கைத் தொடாமலே சக்கரம் 4 டிகிரி திரும்பிவிடும். அதே லிங்கின் சரிவை 40 மி.மீ. ஆக்கிவிட்டால் தள்ளல் கால் மில்லிமீட்டர்கூட இருக்காது. நக்கிளின் மேலே உட்காரும் உயரமான ஆர்ம் இந்த வேலையைத்தான் செய்கிறது.

அதோடு டை ராடும் ஸ்பிரிங் பட்டைக்கு மேலே போய்விடும். கருவேல மூட்டில் மோதி டை ராடு வளைந்த அனுபவம் உள்ளவர்களுக்கு இது ஒன்றே போதும்.

ஸ்டியரிங் கனமாக இருக்கிறது என்பது மட்டும்தான் குறை என்றால் ஆர்மில் கை வைக்காதீர்கள். ஜாக்கி போட்டு, சக்கரத்தை மேலும் கீழும் பிடித்து ஆட்டிப் பாருங்கள். கிங்பின் பேரிங் போயிருக்கும், இல்லாவிட்டால் கிரீஸ் உப்போடு சேர்ந்து இறுகியிருக்கும். புது ஆர்ம் அதைச் சரிசெய்யாது.

எந்தப் பக்கம், எந்த டேப்பர்?

இதில்தான் நான் பணத்தை விட்டேன். அமெரிக்க வண்டிக்காகச் செய்த ஒரு ஜோடி ஆர்ம் நல்ல விலைக்கு வந்தது. பார்க்கவே கண்ணுக்கு நிறைவாக இருந்தது, வாங்கிவிட்டேன். அந்த ஜோடியில் ஒன்றில் இரண்டு ஓட்டை, மற்றதில் ஒரே ஓட்டை. அங்கே ஸ்டியரிங் இடது பக்கம், ஆகவே டிராக் லிங்க் குறுக்கே போய் வலது நக்கிளைப் பிடிக்கிறது. இரண்டு ஓட்டை ஆர்ம் வலது பக்கத்துக்கு என்று செய்திருக்கிறார்கள், ஒன்று டை ராடுக்கு, ஒன்று டிராக் லிங்குக்கு. நம் ஊரில் ஸ்டியரிங் வலது பக்கம். எனக்கு அது இடது நக்கிளில் வேண்டும்.

சரி, திருப்பிப் போட்டுக்கொள்ளலாம் என்று லேத் பட்டறைக்கு எடுத்துப் போனேன். அங்கிருந்த பெரியவர் ஆர்மைக் கையில் வாங்கினார், ஓட்டைக்குள் சுண்டுவிரலை விட்டு ஒரு சுற்று சுற்றினார்.

"தம்பி, இது எந்தப் பக்கம் அகலம்னு பாத்தீங்களா?"

"இல்லண்ணே."

"கவுத்துப் போட்டா டேப்பரும் கவுந்துரும். டை ராடு எண்ட் கீழருந்து வரணும், இது மேலருந்துதான் ஏறும்."

டை ராடின் நுனியில் இருக்கும் பந்து மூட்டுதான் டை ராடு எண்ட். அதன் தண்டு நேரான உருளை இல்லை, கூம்பு. ஓட்டையும் அதே கூம்பாக இருந்தால்தான் இறுகிப் பிடிக்கும். அமெரிக்கப் பாகங்களில் அதிகம் காணப்படும் சரிவு ஒன்றுக்கு எட்டு, அதாவது 8 மி.மீ. நீளத்துக்கு விட்டம் 1 மி.மீ. மாறும். ஆர்மைக் கவிழ்த்தால் கூம்பின் வாய் எதிர்ப்பக்கம் போய்விடும். நக்கிளோடு சேரும் ஸ்டட் (தலையில்லாத போல்ட்) துளைகளின் குழிவும் அப்படியே. அந்த ஜோடியை என்னால் பயன்படுத்தவே முடியவில்லை.

ஆகவே இரண்டு சோதனை. ஒன்று, கடைக்காரரிடம் "வலது கை ஸ்டியரிங் வண்டிக்கு, டிராக் லிங்க் இடது நக்கிளுக்கு" என்று சொல்லியே கேளுங்கள். இரண்டு, உங்கள் டை ராடு எண்டைக் கையோடு கொண்டுபோங்கள். அதன் கூம்பில் மார்க்கர் மையை மெல்லிசாகப் பூசி, ஆர்மின் ஓட்டையில் நுழைத்து, கையால் அழுத்தி அரைச் சுற்று திருப்பி வெளியே எடுங்கள். மை மேலிருந்து கீழ் வரை ஒரே சீராகத் தேய்ந்திருந்தால் பொருத்தம் சரி. ஒரு முனையில் மட்டும் வளையம் போலத் தேய்ந்திருந்தால் சரிவு வேறு, வாங்காதீர்கள். அதையும் நட் போட்டு இறுக்கிவிடலாம்தான், ஆனால் அந்த ஒரு வளையத்தில்தான் முழு பாரமும் தொங்கும். அங்கே ஆடி ஆடி ஓட்டை அகன்றுவிடும்.

கூம்பே இல்லாத நேர் ஓட்டை ஆர்ம்களும் உண்டு, ரோஸ் ஜாயிண்ட் போடுவதற்காக. அவை பலமானவை. ஆனால் ரோஸ் ஜாயிண்டுக்கு ரப்பர் உறை கிடையாது, பந்து வெளியே திறந்தே இருக்கும். கச்சான் காற்று மணலை அள்ளி வீசும் கரையில் நான் அதைப் போட மாட்டேன். உறை போட்ட டை ராடு எண்ட்தான் இங்கே தாங்கும்.

நீளம்

கிங்பின் மையத்திலிருந்து ஓட்டை மையம் வரை உள்ள தூரம்தான் ஆர்மின் நீளம். பிட்மேன் ஆர்ம் டிராக் லிங்கை ஒரு பக்கம் 80 மி.மீ. நகர்த்துகிறது என்று வைத்துக்கொள்வோம். 150 மி.மீ. ஆர்ம் சக்கரத்தைச் சுமார் 32 டிகிரி திருப்பும். 175 மி.மீ. ஆர்ம் 27 டிகிரிதான் திருப்பும், ஆனால் அதே தள்ளலுக்கு ஆறில் ஒரு பங்கு கூடுதல் பலம் கிடைக்கும். மணலில் பலம் கேட்கும், பனங்காட்டுச் சந்தில் திருப்பம் கேட்கும். பவர் ஸ்டியரிங் இல்லாத வண்டியில் பழைய நீளத்தைவிடக் குறைக்காதீர்கள். பவர் ஸ்டியரிங் இருந்தால் பழைய நீளத்திலேயே இருங்கள்.

நூல் போட்டுப் பாருங்கள்

திரும்பும்போது உள்பக்கச் சக்கரம் வெளிச்சக்கரத்தைவிட அதிகம் ஒடிய வேண்டும். இதற்கு அக்கர்மன் என்று பெயர். பின் ஆக்சிலின் நடுவில் நூலைக் கட்டி, முன்னால் கிங்பின் மையம் வரை இழுங்கள். டை ராடு ஆக்சிலுக்குப் பின்னால் இருந்தால் அதன் ஓட்டை இந்த நூலின்மேல், அல்லது கிட்டத்தில், விழ வேண்டும். ஜிப்ஸியின் வீல்பேஸ் 2,375 மி.மீ. இரண்டு கிங்பின்னுக்கும் இடையே 1,200 மி.மீ. இருப்பதாகக் கொண்டால், 150 மி.மீ. ஆர்மின் ஓட்டை கிங்பின்னைவிட ஏறக்குறைய 37 மி.மீ. உள்ளே தள்ளி இருக்க வேண்டும்.

டை ராடை ஆக்சிலுக்கு முன்னால் கொண்டுவந்தால் அதே 37 மி.மீ. வெளியே போக வேண்டும். அங்கே பிரேக் டிஸ்க்கும் ரிம்மும் நிற்கின்றன. அதனால் பல ஆர்ம்களில் ஓட்டையை நேராக வைத்து விட்டிருப்பார்கள். மணலில் அது பெரிதாகத் தெரியாது. ராமநாதபுரம் டவுனுக்குள் தினமும் ஓட்டுகிற வண்டி என்றால் திருப்பத்தில் டயர் கிறீச்சிடும், சீக்கிரம் தேயும். முடிந்தவரை டை ராடைப் பழைய பக்கத்திலேயே வைப்பதுதான் என் வழக்கம்.

இரும்பும் போல்ட்டும்

சாதாரண எம்.எஸ். (மைல்ட் ஸ்டீல்) பிளேட்டை வெட்டிச் செய்த ஆர்மை வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள். லேத்காரர்கள் ஈ.என். 19 என்று சொல்லும் அலாய் ஸ்டீல்தான் அமெரிக்கர்களின் 4140. அதில் மெஷின் செய்ததோ, ஃபோர்ஜ் செய்ததோ (பழுக்கக் காய்ச்சி அடித்தது) நல்லது. டக்டைல் அயர்ன் வார்ப்பும் தாங்கும். வெறும் வார்ப்பிரும்பு முன்னறிவிப்பே இல்லாமல் முறியும். உயரம் போதவில்லை என்று ஆர்முக்கு அடியில் இரண்டு மூன்று ஸ்பேசர் அடுக்குவதும் கூடாது. ஸ்டட்டை வளைக்கும் விசை அந்த உயரத்தோடு சேர்ந்தே ஏறும்.

போல்ட் விஷயத்தில் நம் கரையில் ஒரு பழக்கம் இருக்கிறது, அதை நினைத்தால் எனக்குப் பயம். துருப்பிடிக்காது என்று படகுக்கு வாங்கிய ஸ்டெயின்லெஸ் போல்ட்டையே ஸ்டியரிங்கிலும் போடுகிறார்கள். தலையில் ஏ2-70 என்று எழுதிய போல்ட்டின் இழுவைப் பலம் 700 மெகாபாஸ்கல். 10.9 என்று எழுதியதற்கு 1,000-க்கு மேல். ஸ்டியரிங்குக்கு 10.9-தான். 12.9 இன்னும் பலம் என்று அதற்கும் தாவ வேண்டாம். அவ்வளவு கடினமான எஃகு உப்புக்காற்றில் திடீரென்று வெடிக்கும் ஆபத்து அதிகம்.

அட்டை வைத்து ஒத்திகை

காசு கொடுப்பதற்கு முன் ஆர்மின் வடிவத்தைக் கெட்டி அட்டையில் வெட்டி நக்கிளில் வையுங்கள். ஸ்டியரிங்கை இரு பக்கமும் முழுசாக ஒடியுங்கள், ரிம்மின் உள்விளிம்பு தொடக் கூடாது. பிறகு ஆக்சில் முழுசாக மேலே வரும்போது டை ராடு சேஸிலோ ஆயில் சம்ப்பிலோ இடிக்குமா என்று அளந்து பாருங்கள். உயரமான ஆர்ம் வாங்கியவர்களில் பலர் மாட்டிக்கொள்வது இந்த இடத்தில்தான்.

மாட்டும்போது

பழைய ஆர்மையோ மூடியையோ கழற்றினால் அடியில் மெல்லிய ஷிம் தகடுகள் இருக்கலாம். எந்தப் பக்கத்துத் தகடு எது என்று எழுதி வையுங்கள், கிங்பின் பேரிங்கின் இறுக்கம் அவற்றில்தான் இருக்கிறது. மாட்டிய பிறகு, டை ராடைச் சேர்ப்பதற்கு முன், ஆர்மின் நுனியில் மீன் நிறுக்கும் ஸ்பிரிங் தராசைக் கொக்கி போட்டு இழுங்கள். நக்கிள் அசையத் தொடங்கும்போது எத்தனை கிலோ காட்டுகிறது என்று பார்த்து, உங்கள் ஆக்சிலின் மேனுவலோடு ஒப்பிடுங்கள்.

ஆர்மும் நக்கிளும் சேரும் முகத்தில் பெயின்ட், துரு, கிரீஸ் எதுவும் இருக்கக் கூடாது. ஸ்டட்டுகளை, இறுக்கத்தை அளந்து காட்டும் டார்க் ரெஞ்சில், ஆர்மோடு கொடுத்த அளவுக்கு இறுக்குங்கள். டை ராடு எண்டின் நட்டில், அது கழலாமல் குறுக்கே போடும் காட்டர் பின்னுக்கான ஓட்டை நேராக வரவில்லையா? இன்னும் கொஞ்சம் இறுக்கி நேராக்குங்கள். அதற்காக ஒருபோதும் தளர்த்தாதீர்கள். காட்டர் பின் புதிதாக இருக்கட்டும். கடைசியில் டோ-இன், அதாவது முன் சக்கரங்களின் முன்விளிம்புகள் பின்விளிம்புகளைவிட நெருங்கியிருக்கும் அளவு, 2 முதல் 3 மி.மீ. வையுங்கள்.

ரோட்டில் ஓட்டும் வண்டி என்றால், மோட்டார் வாகனச் சட்டம் 1988-ன் 52-வது பிரிவு மாற்றங்களைக் கட்டுப்படுத்துகிறது. வேலைக்கு முன்பே ஆர்.டி.ஓ. அலுவலகத்திலும் இன்ஷூரன்ஸிலும் கேட்டுவிடுங்கள்.

முதல் ஓட்டத்துக்குக் கடற்கரைக்குப் போக வேண்டாம். ஆமை முட்டையிடும் மாதங்களில் மணற்கரையில் சக்கரமே படக் கூடாது. வறண்ட கண்மாய் போதும். இருபது கிலோமீட்டர் வேகத்தில் தொடங்கி, இரு பக்கமும் ஒடித்து, பிரேக் பிடித்துப் பாருங்கள். கிளம்பும் முன் ஒவ்வொரு நட்டிலிருந்தும் ஆர்ம் வரை வெள்ளைப் பெயின்டால் ஒரு கோடு இழுத்து வையுங்கள். 100 கிலோமீட்டர் ஓடியதும் மறுபடி டார்க் ரெஞ்ச் வைத்து இறுக்கம் பாருங்கள். அப்புறம் உப்புத் தண்ணீரில் இறங்கி வந்த ஒவ்வொரு முறையும் நல்ல தண்ணீர் ஊற்றிக் கழுவிவிட்டு, குனிந்து அந்தக் கோட்டைப் பாருங்கள். நட்டின்மேல் உள்ள கோடும் ஆர்மின்மேல் உள்ள கோடும் ஒரு நூல் விலகியிருந்தாலும் வண்டியை எடுக்காதீர்கள்.