இரு நாடுகளின் வாழ்க்கைத் தரத்தை ஒப்பிடும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

முதுகலை மாணவர்களின் ஆய்வேடுகளைத் திருத்தும் பருவம் வரும்போதெல்லாம், நாங்கள் மாணவர்களாக இருந்தபோது செய்த அதே பிழைகள் புதிய அட்டை போட்டுக்கொண்டு மேசைக்கு வந்து சேர்கின்றன. சம்பளத்தைச் செலாவணி வீதத்தால் பெருக்கிப் பார்ப்பது போன்ற வெளிப்படையான வழுக்களை இங்கே விட்டுவிடுகிறேன். அவற்றை எந்த வழிகாட்டியும் முதல் வாசிப்பிலேயே சுழித்துவிடுவார். கண்ணுக்கு எளிதில் படாத சிலவற்றை, அயர்லாந்தையும் பிரிட்டனையும் வைத்துச் சொல்கிறேன்.

நாட்டின் உற்பத்தியை மக்களின் வரும்படியாகக் கொள்ளுதல்

அண்மையில் ஒரு மாணவர் கொண்டுவந்த வரைபடத்தில் அயர்லாந்தின் பட்டை தாளின் மேல் விளிம்பைத் தொட்டு நின்றது. பிரிட்டனின் பட்டை அதில் பாதியைக்கூட எட்டவில்லை. "ஐரிஷ் குடும்பம் பிரிட்டிஷ் குடும்பத்தைப் போல இரு மடங்கு வசதியாக வாழ்கிறது" என்று கீழே எழுதியிருந்தார். எண்களில் பிழையில்லை. 2022இல் அயர்லாந்தின் தலைக்குரிய மொத்த உள்நாட்டு உற்பத்தி ஒரு லட்சம் டாலரைத் தாண்டியிருந்தது. பிரிட்டனுடையது ஐம்பதாயிரத்துக்கும் கீழேதான். பிழை, அந்த எண்ணிலிருந்து குடும்பத்தின் சமையலறைக்குத் தாவியதில் இருக்கிறது.

2015ஆம் ஆண்டில் தன் பொருளாதாரம் 26.3 விழுக்காடு வளர்ந்ததாக அயர்லாந்தின் புள்ளியியல் அலுவலகம் 2016 ஜூலையில் அறிவித்தது. அந்த ஓராண்டில் அந்நாட்டு மக்கள் கால் பங்கு கூடுதலாக உழைக்கவும் இல்லை, உண்ணவும் இல்லை. பன்னாட்டு நிறுவனங்கள் தங்கள் காப்புரிமைகளையும் பிற அறிவுசார் சொத்துகளையும் வரி குறைவான டப்ளினின் கணக்கில் கொண்டுவந்து வைத்தன. அச்சொத்துகள் உலகெங்கும் ஈட்டிய வருவாய் அயர்லாந்தின் உற்பத்தியாகப் பதிவாயிற்று. அமெரிக்கப் பொருளியலாளர் பால் க்ரூக்மன் இதனை, ஐரிஷ் நாட்டுப்புறக் கதைகளில் வரும் குட்டிப் பூதத்தின் பெயரால் "லெப்ரகான் பொருளாதாரம்" என்று கேலி செய்தார். கேலியை எல்லோரும் நினைவில் வைத்திருக்கிறார்கள், காரணத்தைத்தான் மறந்துவிடுகிறார்கள்.

இதைச் சொன்னால், "அப்படியானால் மனித மேம்பாட்டுக் குறியீட்டைப் பயன்படுத்துகிறேன் ஐயா" என்று அந்த மாணவர் உடனே இடம் மாறினார். எனக்கு எரிச்சல் மூட்டுவது இந்த இடம்தான். ஐ.நா. வெளியிடும் அக்குறியீட்டின் மூன்று கூறுகள் ஆயுள், கல்வி, வருமானம். வருமானத்துக்கு அது எடுத்துக்கொள்வது மொத்த தேசிய வருமானம். வெளிநாட்டு முதலாளிகளுக்குப் போகும் இலாபம் அதில் கழிக்கப்படுகிறது என்பது உண்மை. ஆனால் அந்த இலாபம் சொத்துகளின் தேய்மானத்தைக் கழித்த பின் கணக்கிடப்படுவது. தேய்மானத் தொகையோ, "மொத்த" என்ற கணக்கின் வழக்கப்படி, நாட்டின் வருமானத்துக்குள்ளேயே தங்கிவிடுகிறது. காப்புரிமைகளின் தேய்மானமும், அயர்லாந்திலிருந்து உலகுக்கு வாடகைக்கு விடப்படும் விமானங்களின் தேய்மானமும் இப்படித்தான் ஐரிஷ்காரரின் வருமானம்போல் தோற்றம் தருகின்றன. 2019ஆம் ஆண்டுக்கான குறியீட்டில் அயர்லாந்து சுவிட்சர்லாந்துடன் சேர்ந்து உலகில் இரண்டாம் இடத்தில் நின்றதில் இந்தத் தோற்றத்துக்கும் பங்குண்டு.

அயர்லாந்து அரசே இதை நம்பவில்லை. மத்திய வங்கி ஆளுநராக இருந்த பிலிப் லேன் தலைமையிலான குழு பரிந்துரைத்தபடி, இவற்றையெல்லாம் நீக்கிய திருத்திய தேசிய வருமானம் ஒன்று 2017 முதல் வெளியிடப்படுகிறது. 2022இல் அது உள்நாட்டு உற்பத்தியில் பாதியைச் சற்றே தாண்டிய அளவுதான். குடும்பங்கள் உண்மையில் நுகர்பவற்றை, அரசு தரும் கல்வி, மருத்துவம் உட்பட, விலைவாசி வேறுபாட்டைச் சரிசெய்து கணக்கிடும் அளவீடு ஒன்றை ஐரோப்பிய ஒன்றியத்தின் புள்ளியியல் அலுவலகமான யூரோஸ்டாட் ஆண்டுதோறும் வெளியிடுகிறது. பிரிட்டன் ஐரோப்பிய ஒன்றியத்தில் இருந்த கடைசி ஆண்டுகளின் அட்டவணைகளில் அயர்லாந்து ஒன்றியச் சராசரிக்குச் சற்றுக் கீழே இருந்தது. பிரிட்டன் அதற்கு மேலே இருந்தது. மாணவரின் வரைபடம் தலைகீழாயிற்று. எழுதி முடித்திருந்த இரண்டு அத்தியாயங்களைக் கைவிட வேண்டியதாயிற்று. அவற்றின் மேல் கட்டிய முடிவுரையும் போயிற்று.

சம்பளத்தைப் பார்த்து, எதற்கு விலை கொடுக்க வேண்டும் என்பதைப் பாராமை

ஒரே தீவில் இரு நாடுகள் இருப்பது இதற்கு வசதியான சோதனைக்களம். பிரிட்டனைச் சேர்ந்த வட அயர்லாந்தின் பெல்ஃபாஸ்டில் குடும்ப மருத்துவரைப் பார்க்கக் கட்டணம் இல்லை. மருந்துச் சீட்டுக்கும் 2010 முதல் கட்டணம் கிடையாது. தெற்கே டப்ளினில், வருமான வரம்பின் பேரிலோ வயதின் பேரிலோ அரசின் மருத்துவ அட்டை பெறாதவர், ஒவ்வொரு முறையும் மருத்துவருக்குக் கைக்காசு கொடுக்க வேண்டும். வாடகையோ டப்ளினில் பெல்ஃபாஸ்டைவிட மிக அதிகம். எங்கே வேலைக்குப் போகலாம் என்று கேட்ட செவிலியர் ஒருவரிடம் இரு ஊர்களின் சம்பளப் பட்டியல் மட்டும் இருந்தது. நான் கேட்டது வாடகை ரசீதையும் வரிப் பிடித்தத்தையும்.

இதனால் தெற்கைவிட வடக்கு மேல் என்று எழுதிவிடவும் கூடாது. சராசரி ஆயுட்காலத்தில் அயர்லாந்துக் குடியரசு வட அயர்லாந்தை முந்தியிருக்கிறது. அதையும் அதே பத்தியிலேயே எழுத வேண்டும்.

தரவரிசை எண்ணை மேற்கோளாகத் தருதல்

மனித மேம்பாட்டுக் குறியீட்டில் மேலிடத்து நாடுகளுக்கு இடையே உள்ள வித்தியாசம் மூன்றாம் தசம இடத்தில் இருக்கிறது. மதிப்பெண்ணைத் தாருங்கள், இடத்தைத் தராதீர்கள்.

தலைநகரை நாடாகக் கொள்ளுதல்

லண்டன் பிரிட்டன் அன்று.

ஒற்றை ஆண்டின் ஆயுட்காலம்

2020, 2021 ஆகிய ஆண்டுகளைத் தனியே எடுத்து எதையும் நிறுவ முயல வேண்டாம். அந்த எண், அவ்வாண்டின் இறப்பு வீதங்களே வாழ்நாள் முழுதும் நீடித்தால் என்ற கற்பனையின் மேல் நிற்பது, கொரோனாவின் இறப்பு வீதங்களோ நீடிக்கவில்லை.