மேற்குத் தொடர்ச்சி மலையில் காட்டு ஆர்க்கிட்களைத் தேடிப் படமெடுக்கும் முறை

பூக்கடையில் விற்கும் பெரிய ஊதா ஆர்க்கிட்டை மனத்தில் வைத்துக்கொண்டு மலையேறுபவர், காலடியில் இருப்பதையும் காணாமலே திரும்பிவிடுவார். நம் காட்டு ஆர்க்கிட்களுள் பலவற்றின் பூ விரல்நகத்தைவிடச் சிறியது.

முதலில் பருவத்தைத் தேர்ந்தெடுங்கள். மரத்தில் வளரும் நரிவால் ஆர்க்கிட் மே, ஜூன் மாதங்களிலும், தரையில் வளரும் ஹாபனேரியா வகைகளுள் பல தென்மேற்குப் பருவமழையின்போதும் பூக்கும். மழையின் பிற்பகுதியில் நீலகிரி, பழனி மலைப் புல்வெளிகளில் இளஞ்சிவப்பான சாட்டிரியம் நேபாலென்ஸைக் காணலாம். காப்புக்காட்டுக்குள் நுழைய வனத்துறையின் அனுமதி கட்டாயம் என்பதால், தொடக்கத்தில் சாலையோர மரங்களையும் காப்பித் தோட்டத்து நிழல்மரங்களையும் பார்ப்பதே போதும்.

அடுத்து, சொரசொரப்பான பட்டையுடைய முதிய மரங்களின் கிளைகளை இருகண்நோக்கியால் பாருங்கள். தடித்த இலைகளும், பட்டையோடு ஒட்டிப் படர்ந்த வெண்ணிற வேர்களும் தென்பட்டால் அது ஆர்க்கிட்டாக இருக்கக்கூடும். புல்லுருவி கிளைக்குள் ஊடுருவிச் சாற்றை உறிஞ்சும். ஆர்க்கிட்டோ கிளையைப் பற்றிக்கொண்டு மழைநீரையும் காற்றின் ஈரத்தையும் கொண்டு வாழும். பெருங்காற்றுக்குப் பிறகு முறிந்து விழுந்த கிளைகளைத் தவறவிடாதீர்கள். உச்சியில் வளர்பவற்றை அருகிருந்து பார்க்க இதைவிட எளிய வழியில்லை.

பூவில் மூன்று புல்லி இதழ்களும் மூன்று அல்லி இதழ்களும் இருக்கும். அல்லி இதழ்களுள் ஒன்று மட்டும் உருவம் மாறி உதடாகியிருக்கும். பெரும்பாலான ஆர்க்கிட்களில் கீழ்ப்புறம் அமையும் இந்த உதடு சாட்டிரியத்தில் மேற்புறம் இருப்பதோடு, அதன் பின்னால் இரண்டு குழல்களும் நீண்டிருக்கும்.

படமெடுக்கும்போது முழுச்செடி, இலை, பூவின் முன்புறம், பக்கவாட்டு என நான்கு கோணங்களையும் பதிவுசெய்யுங்கள். அழகுக்காக முன்புறத்தை மட்டும் எடுப்பதே தொடக்கநிலையினரின் வழக்கம். ஆனால் ஹாபனேரியாவை இனங்காண, உதட்டின் பின்னால் நீளும் குழலின் நீளம் தேவைப்படுவதால், என்னைக் கேட்டால் பக்கவாட்டுப் படமே முதன்மையானது. மிக அருகிலிருந்து படமெடுக்க உதவும் மேக்ரோ லென்ஸ் இருந்தால், அதன் ஒளித்துளையை எஃப்/8 முதல் எஃப்/11 வரை வைத்து முக்காலியைப் பயன்படுத்துங்கள். இருண்ட காட்டுப் பின்னணியில் வெள்ளைப் பூ வெளிறிப்போகும் என்பதால், கைபேசியானாலும் கேமராவானாலும் ஒளியளவைச் சற்றே குறைத்துக்கொள்ள வேண்டும். விரித்த குடை ஒன்று வெயிலையும் காற்றையும் ஒருசேரத் தடுக்கும். (அட்டைகளை அதனால் தடுக்க முடியாது, அதற்கு நீண்ட காலுறைதான்.)

குறுக்கே நிற்கும் புல்லைப் பிடுங்காமல் மெல்ல ஒதுக்கிப் பிடியுங்கள். அருகில் இளஞ்செடிகள் இருக்கலாம். தூசு போன்ற ஆர்க்கிட் விதைகளில் சேமித்த உணவு இல்லாததால், இயற்கையில் அவை பூஞ்சையின் துணையுடன்தான் முளைக்கின்றன. மிதிபட்ட செடிக்கு ஈடாக மற்றொன்று எளிதில் வந்துவிடாது.

படத்தைப் பகிருமுன் அதில் பதிந்துள்ள இருப்பிடத் தகவலை நீக்கிவிடுங்கள். அகத்தியமலைக்கே உரிய பாபியோபெடிலம் ட்ரூரி என்ற ஆர்க்கிட் அருகிப்போனதற்குச் சேகரிப்பாளர்கள் அள்ளிச் சென்றதும் ஒரு காரணம். உயிரினங்களைப் பதிவுசெய்து பகிரும் ஐநேச்சுரலிஸ்ட் தளத்தில் பதிவேற்றுவதாயின் இடத்தை மறைக்கும் வசதியைத் தேர்ந்தெடுத்து, மாவட்டத்தின் பெயரை மட்டும் குறிப்பில் எழுதுங்கள்.