வயதைக் காட்டிக் கல்லூரி தடுத்தால்: 18 நிரம்பாத மாணவரின் பெற்றோருக்கு

அமெரிக்காவில் 12, 13 வயதிலேயே கல்லூரிக்குப் போகும் பிள்ளைகளுக்குப் பல சிக்கல்கள் சேர்க்கைக்குப் பிறகுதான் தொடங்குகின்றன. வகுப்பில் உட்காரலாம், ஆய்வகத்துக்குள் வரக்கூடாது என்பார்கள். பட்டத்துக்குப் படிக்கலாம், வெளிநாட்டுக் கள ஆய்வுக்கு வரக்கூடாது என்பார்கள். 2011-இல் கனெக்டிகட் பல்கலைக்கழகத்தின் மீது 14 வயது மாணவர் ஒருவர் தொடுத்த வழக்கும் இப்படிப்பட்டதுதான். தென்னாப்பிரிக்காவில் களப்பணி செய்யும் வகுப்பில் வயது காரணமாகத் தன்னைச் சேர்க்கவில்லை என்பது அவர் முறையீடு.

இங்கே கைகொடுப்பது 1975-ஆம் ஆண்டின் வயதுப் பாகுபாட்டுச் சட்டம். வேலைவாய்ப்புக்கான 1967 சட்டத்தோடு இதைக் குழப்பிக்கொள்ளாதீர்கள்; அது 40 வயதை எட்டியவர்களுக்கானது. 1975 சட்டத்துக்குக் கீழ்வரம்பே கிடையாது, 11 வயதுப் பிள்ளையையும் அது காக்கும். ஒன்றிய அரசின் நிதி பெறும் எந்தக் கல்லூரியையும் அது கட்டுப்படுத்தும். மாணவர் உதவித்தொகையும் அந்த நிதியில் சேரும் என்பதால் தனியார் கல்லூரிகளிலும் பெரும்பாலானவை இதற்குள் வந்துவிடும்.

முதல் வேலை, பிள்ளையிடம் கையெழுத்து வாங்குவது. கல்லூரியில் சேர்ந்த நாளிலிருந்து கல்விப் பதிவேடுகள் மீதான உரிமை, வயது என்னவாக இருந்தாலும், மாணவருக்கே போய்விடுகிறது. 1974-ஆம் ஆண்டின் பதிவேட்டுச் சட்டம் அப்படித்தான் சொல்கிறது. பிள்ளையை வருமான வரியில் சார்ந்திருப்பவராகக் காட்டியிருந்தால் கல்லூரி உங்களுக்குத் தகவல் தரலாம். தந்தே ஆக வேண்டும் என்பதில்லை. அதனால் பதிவாளர் அலுவலகத்தில் தகவல் வெளியீட்டுப் படிவத்தைப் பிள்ளை நிரப்பித் தரட்டும். இல்லாவிட்டால் நீங்கள் அனுப்பும் ஒவ்வொரு கடிதத்துக்கும் "உங்களிடம் பேச இயலாது" என்றே பதில் வரும்.

அடுத்து, தடையை எழுத்தில் வாங்குங்கள். வாய்ச்சொல் எதற்கும் உதவாது. இன்ன வகுப்பு, இன்ன தேதி, மறுப்புக்குக் காரணம் என்ன, எந்த விதியின் கீழ் என்று நான்கையும் கேட்டு மாணவரின் பெயரிலேயே மின்னஞ்சல் போகட்டும்.

பதில் வந்ததும் அதை எடைபோட வேண்டும். இதில் அவசரப்படக்கூடாது. சட்டம் இரண்டு முக்கிய விலக்குகளைத் தருகிறது. ஒன்று, மக்கள் தேர்ந்தெடுத்த பொதுச் சட்டமன்றம் இயற்றிய சட்டமே வயதைக் குறிப்பிட்டிருந்தால் அந்தத் தடை நிற்கும். பல்கலைக்கழக நிர்வாகக் குழுவின் தீர்மானம் அப்படிப்பட்ட சட்டம் ஆகாது. இரண்டாவது, திட்டத்தின் இயல்பான செயல்பாட்டுக்கு வயது வரம்பு தேவை என்ற வாதம். கல்லூரிகள் பெரும்பாலும் சாய்வது இதன் மீதுதான். இதற்கு நான்கு நிபந்தனைகள் உண்டு: வயது வேறொரு தகுதிக்கு அளவுகோலாகப் பயன்பட வேண்டும், அந்தத் தகுதியை அளக்காமல் திட்டம் நடக்காது என்றிருக்க வேண்டும், வயதைக் கொண்டு அதை நியாயமாக மதிப்பிட முடிய வேண்டும், ஒவ்வொருவரிடமும் அதை நேரடியாகச் சோதிப்பது நடைமுறைக்கு ஒவ்வாததாக இருக்க வேண்டும். நான்கும் பொருந்த வேண்டும், நிரூபிக்கும் பொறுப்பும் கல்லூரியுடையது.

கல்லூரிகள் சறுக்குவது நான்காவதில். ஆய்வகப் பாதுகாப்பைத் தேர்வு வைத்துப் பார்க்கலாம். களத்தில் நடக்கும் உடல்திறனை மருத்துவச் சான்றிதழில் பார்க்கலாம். ஆகவே "என் பிள்ளை மேதை" என்று எழுதுவதை விட, "நீங்கள் வயதால் அளக்க நினைப்பதை இப்படி நேரடியாக அளக்கலாம்" என்று எழுதி, பாதுகாப்புப் பயிற்சிச் சான்று, பேராசிரியர் கடிதம், பெற்றோர் உடன்வரும் ஏற்பாடு ஆகியவற்றை இணைப்பது பலமடங்கு வலுவானது. விபத்து நேர்ந்தால் கல்லூரி பொறுப்பல்ல என்று எழுதித் தரும் பொறுப்பு விலக்குப் பத்திரத்தை மட்டும் நம்ப வேண்டாம். 18 நிரம்பாதவர் போட்ட கையெழுத்தைப் பின்னால் அவரே தள்ளுபடி செய்யலாம். பெற்றோர் போட்ட கையெழுத்தும் எல்லா மாநிலங்களிலும் செல்லுபடியாவதில்லை. கல்லூரியின் அச்சத்தில் இந்தப் பகுதி நியாயமானது, அதை ஒப்புக்கொண்டு பேசுவதே நல்லது.

எல்லாத் தடையையும் எதிர்க்கவும் கூடாது. கதிரியக்கப் பொருளோடு வேலை செய்யும் 18 வயதுக்குக் குறைந்தவர் உடலில் படும் கதிர்வீச்சுக்கு ஆண்டு வரம்பு 5 மில்லிசீவர்ட் (கதிர்வீச்சை அளக்கும் அலகு), பெரியவர்களுக்கு 50. இது அணுசக்தி ஒழுங்குமுறை ஆணையத்தின் விதி, கல்லூரி தளர்த்த முடியாது. 13 வயதுப் பிள்ளையை 20 வயதினரோடு விடுதியில் தங்கவைக்க மறுப்பதையும் நாங்கள் வழக்காக்கச் சொல்லமாட்டோம்.

பேச்சு பலிக்கவில்லையென்றால், கல்வித் துறையின் குடிமை உரிமைகள் அலுவலகத்தில் புகார் கொடுங்கள். பாகுபாடு தெரியவந்த நாளிலிருந்து 180 நாட்கள்தான் அவகாசம். கல்லூரிக்குள் மேல்முறையீடு நடக்கிறது, அது முடியட்டும் என்று காத்திருந்தே பலர் இந்த நாளைத் தவறவிடுகிறார்கள். ஏற்கப்பட்ட வயதுப் புகார் முதலில் மத்தியஸ்தத்துக்குப் போகும். அதற்கு அதிகபட்சம் 60 நாட்கள். புகார் கொடுத்ததற்காகக் கல்லூரி பழிவாங்கினால் அதுவும் தனி மீறல்.

நேரே நீதிமன்றம் போனால் வழக்கு தள்ளுபடியாகும். புகார் கொடுத்து 180 நாட்கள் முடிவில்லாமல் கழிய வேண்டும், அல்லது கல்லூரிக்குச் சாதகமாக முடிவு வந்திருக்க வேண்டும். இது முதல் 180 நாட்களிலிருந்து வேறு கணக்கு. அதன்பின், வழக்குத் தொடர 30 நாட்களுக்கு முன்பே சுகாதாரம், மனித சேவைகள் துறைச் செயலர், அட்டர்னி ஜெனரல் (அரசின் தலைமைச் சட்ட அதிகாரி), கல்லூரி ஆகிய மூவருக்கும் பதிவுத் தபாலில் அறிவிப்பு அனுப்ப வேண்டும்.

கிடைக்கக்கூடியது தடையை நீக்கும் உத்தரவு. இழப்பீட்டுத் தொகையை எதிர்பார்த்து இறங்காதீர்கள். செமஸ்டர் கடந்துவிட்டால் உத்தரவுக்கே பொருளில்லாமல் போகக்கூடும் என்பதால், அடுத்த முறை அதே வகுப்பு நடக்கும்போதும் மாணவர் சேர விரும்புகிறார் என்பதை மனுவில் தெளிவாகச் சொல்லுங்கள். சிறாருக்காகப் பெற்றோர் வழக்குத் தொடுக்கலாம், ஆனால் வழக்கறிஞர் இல்லாமல் தாங்களே வாதாடப் பெரும்பாலான ஒன்றிய நீதிமன்றங்கள் விடுவதில்லை. வென்றால் வழக்கறிஞர் கட்டணத்தைக் கல்லூரியிடம் வாங்கலாம். அந்தக் கோரிக்கை முதல் மனுவிலேயே எழுதப்பட்டிருக்க வேண்டும்.