சிறு குழந்தைகளுடன் வாலென்சியாவுக்கு: எந்தக் காகிதம் முதலில்?

ஸ்பெயினின் கிழக்குக் கடற்கரையில் இருக்கும் வாலென்சியாவுக்கு நாங்கள் வந்தபோது மகளுக்கு ஐந்து வயது, மகனுக்கு இரண்டு. சென்னையிலிருந்து நான்கு பெட்டிகள் வந்தன. அவற்றில் எதையும்விட அதிகம் வேலை செய்தது, கையில் எடுத்து வந்த நீலக் கோப்புதான். இந்த ஊரில் ஒரு காகிதம் கிடைத்தால்தான் அடுத்த காகிதம் கிடைக்கும். அந்த வரிசையை முன்பே யாராவது சொல்லியிருந்தால் எங்களுக்கு இரண்டு மாதமாவது மிச்சமாகியிருக்கும்.

விசா வகை ஆளுக்கு ஆள் மாறும். வெளிநாட்டு நிறுவனத்துக்கு வீட்டிலிருந்து வேலை செய்பவர்களுக்கான விசா, 2022 டிசம்பரில் வந்த சட்டத்தின் வழியாகக் கிடைக்கிறது. நீங்கள் எந்த வகையில் வந்தாலும் குழந்தைகளுக்கான வேலை ஏறக்குறைய ஒன்றுதான்.

படி 1: ஊரில் இருக்கும்போதே

குழந்தையின் பிறப்புச் சான்றிதழை எடுத்துப் பாருங்கள். பெயர் எழுதும் இடம் காலியாக இருக்கிறதா? மருத்துவமனையில் பெயர் வைக்காமலே பிறப்பைப் பதிந்த குழந்தைகள் நம்மூரில் ஏராளம். அதை முதலில் சேர்த்துவிடுங்கள். பிறகு சான்றிதழுக்கு மாநில அரசின் சான்றொப்பம், அதற்குப் பின் வெளியுறவு அமைச்சகத்தின் அப்போஸ்டில் முத்திரை (சான்றிதழ் வெளிநாட்டிலும் செல்லுபடியாவதற்கானது). இந்தியா 2005 முதல் அப்போஸ்டில் உடன்படிக்கையில் இருப்பதால், ஸ்பெயினில் இந்த முத்திரை போதும். திருமணச் சான்றிதழுக்கும் இதே வழிதான்.

மொழிபெயர்ப்பு கடைசியில். நான் அவசரப்பட்டு, முத்திரை வாங்குவதற்கு முன்பே ஸ்பானிய மொழிக்கு மாற்றிவிட்டேன். அப்போஸ்டிலில் இருக்கும் எழுத்துகளும் மொழிபெயர்ப்பில் வர வேண்டும் என்று திருப்பி அனுப்பினார்கள். ஒரே தாளுக்கு இரண்டு முறை பணம் கொடுத்தேன். ஸ்பெயின் வெளியுறவு அமைச்சகம் அங்கீகரித்த மொழிபெயர்ப்பாளர்தான் செய்ய வேண்டும். ஸ்பானிய மொழிப் புலமை உள்ள நண்பரால் ஆகாது.

இனி நம் இனிஷியல் விவகாரம். ஸ்பானியர்களுக்கு இரண்டு குடும்பப் பெயர்கள்: ஒன்று அப்பா வழி, இன்னொன்று அம்மா வழி. படிவத்திலும் இரண்டு கட்டங்கள். நமக்கோ ஒன்றுகூட இல்லை. பாஸ்போர்ட்டில் குடும்பப் பெயர் வரி காலியாக இருந்தால், இணையப் படிவம் அடுத்த பக்கத்துக்கே நகராது. கவுன்டரில் இருந்த அம்மா என் பாஸ்போர்ட்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "உங்கள் அப்பா பெயர்தான் உங்கள் குடும்பப் பெயரா, அப்படியானால் உங்கள் அப்பாவுக்கு?" என்று கேட்டார். தாத்தா பெயர் என்றேன். அவர் பேனாவைக் கீழே வைத்துவிட்டார். குழந்தைகளின் பாஸ்போர்ட்டில் பெயரையும் குடும்பப் பெயரையும் இப்போதே பிரித்துப் போட்டுவிடுங்கள். எல்லாச் சான்றிதழ்களிலும் எழுத்துக்கு எழுத்து ஒன்றுபோல் இருக்கட்டும்.

தடுப்பூசி அட்டையை மறக்க வேண்டாம். பிசிஜி ஊசியை ஸ்பெயினில் வழக்கமாகப் போடுவதில்லை. மகனின் தோளில் இருந்த தழும்பைப் பார்த்து நர்ஸ் என்னவென்று கேட்டார். அட்டையைக் காட்டியதும் பேச்சு முடிந்தது.

படி 2: வீடு

"வெயில் ஊர்தானே" என்று ஏமாறாதீர்கள். வெயில் வெளியே இருக்கிறது. பழைய அடுக்குமாடிகளில் பல வீடுகளுக்கு வெப்பமூட்டும் வசதி கிடையாது, தரை முழுக்க ஓடு. ஜனவரியில் தெருவில் சட்டையோடு நடந்துவிட்டு, வீட்டுக்குள் வந்ததும் ஸ்வெட்டர் போட்டுக்கொண்டோம். பகலில் வீடு பார்க்கப் போங்கள். ஜன்னல் தெற்கே திறக்கிறதா, இல்லை நடுக்கிணறு போன்ற முற்றத்தை மட்டும் பார்க்கிறதா என்று கவனியுங்கள். குழந்தை வண்டி இருந்தால் லிஃப்டின் அகலத்தையும் அளந்துவிடுங்கள்.

தரைத்தளமாக இருந்தால் வெள்ளம் வந்ததா என்று தயங்காமல் கேளுங்கள். 2024 அக்டோபர் 29 அன்று நகரத்துக்குத் தெற்கே உள்ள பைப்போர்தா, கத்தரோஹா போன்ற ஊர்கள் வெள்ளத்தில் மூழ்கின. 1957 வெள்ளத்துக்குப் பிறகு துரியா ஆற்றைத் தெற்கே திருப்பிவிட்டதால் நகரத்தின் நடுப்பகுதி தப்பியது.

சட்டப்படி முன்பணம் ஒரு மாத வாடகை. கூடுதல் உத்தரவாதமாக இன்னும் இரண்டு மாதம் வரை கேட்கலாம். கையெழுத்துப் போடும் முன் ஒரே ஒரு கேள்வி கட்டாயம்: இந்த முகவரியில் நாங்கள் பதிவு செய்துகொள்ளலாமா? குறுகிய கால வாடகைக்கு விடுபவர்கள் சிலர் இதற்கு முகம் சுளிப்பார்கள். அந்த வீடு எவ்வளவு அழகாக இருந்தாலும் வேண்டாம்.

படி 3: பத்ரோன்

ஏன் வேண்டாம் என்றால், எல்லாப் பூட்டுக்கும் சாவி இதுதான். நகராட்சியின் குடியிருப்போர் பதிவேட்டில் குடும்பம் முழுவதையும் சேர்ப்பதற்குப் பெயர் பத்ரோன். வாடகை ஒப்பந்தம், பாஸ்போர்ட்டுகள், குழந்தைகளின் பிறப்புச் சான்றிதழ் ஆகியவற்றோடு போக வேண்டும். பள்ளி, குழந்தை மருத்துவர், அடையாள அட்டை என எங்கே போனாலும் முதலில் இந்தத் தாளைத்தான் கேட்பார்கள்.

எதற்குமே நேரில் போய் வரிசையில் நிற்க முடியாது; இணையத்தில் நேரம் வாங்க வேண்டும். அதற்கு "சித்தா பிரேவியா" என்று பெயர். ஒரு மாதம் வீட்டில் இதே பேச்சாக இருந்ததில், "சித்தா எப்பம்மா வருவார்?" என்று மகள் கேட்டுவிட்டாள். அதிகாலையிலும் இரவிலும் முயன்று பாருங்கள். ரத்தானவை அப்போது கண்ணில் படும்.

படி 4: அட்டைகள்

நாட்டுக்குள் வந்த ஒரு மாதத்துக்குள் வெளிநாட்டவர் அட்டைக்கு விண்ணப்பிக்க வேண்டும். கட்டணத்துக்கு 790 படிவம், 012 குறியீடு. குழந்தைக்கும் தனிப் படிவம், தனிப் புகைப்படம். கைக்குழந்தையானாலும் உடன் அழைத்துப் போங்கள். பிறகு பக்கத்துச் சுகாதார மையத்தில் "சிப்" (SIP) என்ற அரசு மருத்துவ அட்டை வாங்கினால் குழந்தை மருத்துவர் ஒதுக்கப்படுவார்.

படி 5: பள்ளி

இங்கே வகுப்பைத் தீர்மானிப்பது பிறந்த ஆண்டு. ஜனவரியில் பிறந்தவளும் டிசம்பரில் பிறந்தவளும் ஒரே வகுப்பு. மூன்று வயது நிறையும் ஆண்டின் செப்டம்பரில் சேர்க்கலாம். ஆறு வயதில்தான் கட்டாயம். அரசுப் பள்ளி, அரசு உதவி பெறும் பள்ளி, தனியார் பள்ளி என மூன்று வகை. முதல் இரண்டிலும் சேர்க்கையின்போது வீடு அருகில் இருப்பதற்குப் புள்ளிகள் உண்டு. அந்த அருகாமைக்கும் ஆதாரம் பத்ரோன்தான். ஆண்டின் நடுவில் வருபவர்களுக்கு எங்கே காலியிடமோ அங்கே கிடைக்கும். அரசுப் பள்ளி என்று தயங்க வேண்டாம்; எங்களுக்கு அது நன்றாகவே அமைந்தது.

பள்ளியில் ஸ்பானிய மொழியோடு வாலென்சிய மொழியும் உண்டு. நான் "புவேனோஸ் தியாஸ்" பழகிக்கொண்டிருக்க, மகள் முதல் வாரமே "போன் தியா" என்று வந்து நின்றாள். எந்த மொழியில் எவ்வளவு பாடம் என்று சேர்க்கும்போதே கேளுங்கள். சைவக் குழந்தையானால் மதிய உணவுப் பட்டியலையும் கேட்டு வாங்குங்கள். பருப்புக் குழம்பிலும் இறைச்சித் துண்டு இருக்கும்.

படி 6: முதல் மாதம்

சாப்பாட்டுக்குப் பயமில்லை. அல்புஃபேரா ஏரியைச் சுற்றி நெல் விளைகிறது. குட்டையான அந்த உருண்டை அரிசி, பாயேயா என்ற இந்த ஊர்ச் சோற்று உணவுக்கானது. குழைய விட்டால் தயிர்சாதத்துக்கும் அருமை. தெருக்கடையில் கிடைக்கும் ஓர்ச்சாத்தா என்ற பால் போன்ற பானம், நம் கோரைக்கிழங்கின் உறவுக்காரக் கிழங்கில் செய்வது. மகன் அதற்கு அடிமை.

தாத்தா பாட்டியுடன் பேச நேரம் குறித்துக்கொள்ளுங்கள்: கோடையில் இந்தியா மூன்றரை மணி நேரம் முன்னால், குளிர்காலத்தில் நாலரை. பள்ளி விட்ட கையோடு அழைக்காவிட்டால் அவர்கள் தூங்கிவிடுவார்கள்.

மாலையில், ஆறு ஓடிய இடத்தில் இப்போது இருக்கும் துரியா பூங்காவுக்குப் போங்கள். அங்கே 70 மீட்டர் நீளச் சிலையாக மல்லாந்து கிடக்கிறார், குள்ளர்கள் நாட்டுக்குப் போன கதையின் நாயகன் கல்லிவர். அவர் உடம்பெல்லாம் சறுக்குமரம், கட்டணம் இல்லை. கோடையில் மதியம் மட்டும் வேண்டாம், சறுக்குமரம் சுடும். ஆறு மணிக்குமேல், முழுக்கால் சட்டை போட்டு அழைத்துப் போங்கள்.