லங்காஸ்டர் போகிறவர்களுக்கு: முதலில் துணி, அப்புறம் ஒயின்

போன அக்டோபரில் ஒரு சனிக்கிழமை, பென்சில்வேனியாவின் லங்காஸ்டர் பக்கம், குவில்ட் என்ற அடுக்குப் போர்வை தைக்கும் துணி விற்கும் ஒரு கடைக்கு, காலையில் வாங்கி வைத்துவிட்டுப் போன துணிக்கட்டை எடுத்துக்கொள்ளப் போயிருந்தேன். மணி ஐந்தாகப் பத்து நிமிடம். துணி வெட்டும் மேஜை முன்னால் நான்கு தமிழ்ப் பெண்கள். மூன்று ஒயின் தோட்டம் பார்த்துவிட்டு வந்த களைப்பு முகத்தில் தெரிந்தது. ஒருத்தி போனில் கணக்குப் போட்டுக்கொண்டிருந்தாள், இன்னொருத்தி “நாலு கெஜம் சொல்லிடு, போதும்” என்றாள். கடைக்காரம்மா வெட்டும் சக்கரத்தைக் கையில் எடுத்துவிட்டார். “ஒரு நிமிஷம் இரும்மா, எந்த அளவுக் கட்டிலுக்கு?” என்று கேட்டேன். “தெரியலையே அக்கா, பெரிய கட்டில்தான்” என்றாள்.

எட்டு வருடத்துக்கு முன்னால் அதே மாதிரி ஒரு மேஜை முன்னால் நான் நின்றது அப்படியே நினைவுக்கு வந்தது. நியூஜெர்சியிலிருந்து தோழிகளாகச் சேர்ந்து காலையில் கிளம்பி, ஒயின் ருசித்து, குவில்ட் கடை பார்த்து, இருட்டியதும் திரும்பும் இந்தப் பயணத்தை வருடத்துக்கு இரண்டு முறையாவது செய்கிறேன். புதிதாக வருகிறவர்கள் எல்லோரும் நான் செய்த தவறுகளையே வரிசையாகச் செய்கிறார்கள். தண்ணீர் பாட்டில், நல்ல செருப்பு, சார்ஜர் எல்லாம் நான் சொல்ல வேண்டியதில்லை. பணத்தையும் மனதையும் பாதிக்கிறதை மட்டும் எழுதுகிறேன்.

ஞாயிற்றுக்கிழமை கிளம்புவது

பழைய முறையில் வாழும் கிறிஸ்தவப் பிரிவினரான ஆமிஷ் மக்களின் கடைகள் பூட்டியிருக்கும். ஈஸ்டரையும் சேர்த்து எண்ணினால் நாற்பதாம் நாள் வரும் விண்ணேற்ற வியாழனும் அப்படித்தான்.

ஒயினை முதலில் வைப்பது

எல்லோரும் செய்கிற தவறு இது. யாரும் இதைத் தவறு என்றே நினைப்பதில்லை. “ஒயினரி பதினோரு மணிக்குத் திறக்குது, அதை முடிச்சிட்டு ரிலாக்ஸா துணி பார்க்கலாம்” என்பார்கள். துணி பார்ப்பது ரிலாக்ஸாகச் செய்கிற வேலை என்ற எண்ணத்தில்தான் கோளாறே தொடங்குகிறது.

குவில்ட் தெரியாதவர்களுக்கு ஒரு வரி: துண்டுத் துணிகளை இணைத்த மேல்துணி, நடுவில் பஞ்சு விரிப்பு, அடியில் பின்துணி, இந்த மூன்றையும் சேர்த்துத் தைத்தால் குவில்ட். பழைய சேலைகளை அடுக்கி ஓட்டுத்தையல் போட்டுப் பாட்டி தைத்த போர்வைக்கு இது தூரத்துச் சொந்தம். லங்காஸ்டர் ஆமிஷ் பெண்களின் பழைய குவில்ட்களில் பூவோ கொடியோ அச்சிட்ட துணி கிடையாது, எல்லாம் ஒற்றை நிறத் துணிகள். 1971இல் நியூயார்க்கின் விட்னி அருங்காட்சியகம் அமெரிக்கக் குவில்ட்களை ஓவியங்களைப் போலச் சுவரில் தொங்கவிட்டுக் கண்காட்சி நடத்தியது. போர்வை என்று மடித்து வைத்திருந்ததை உலகம் கலை என்று திரும்பிப் பார்த்தது அதற்குப் பிறகுதான். லங்காஸ்டரின் பெயர்பெற்ற வடிவங்களில் ஒன்று ‘சன்ஷைன் அண்ட் ஷேடோ’. சின்னச் சதுரங்கள் நடுவிலிருந்து நிறம் நிறமாக விரிந்து வைரம்போலப் பெரிதாகிக்கொண்டே போகும், சுற்றிலும் அகலமான ஒற்றை நிறக் கரை. அதைத்தான் நான் தைக்க ஆசைப்பட்டேன், தோழியின் மகள் கல்யாணத்துக்குப் பரிசாக.

அன்று நாங்கள் நான்கு பேர். மூன்று ஒயினரி. வழக்கமாக ஓர் இடத்தில் ஐந்து வகை ஊற்றுவார்கள், ஒவ்வொன்றும் ஏறக்குறைய 30 மில்லி. ஐந்தும் சேர்ந்தால் ஒரு முழுக் கிளாஸ். மூன்று இடம் என்றால் மூன்று கிளாஸ், அதுவும் வெயிலில், வயிற்றில் கொஞ்சம் சீஸும் பிஸ்கட்டும் மட்டும். துணிக்கடைக்குப் போய்ச் சேர்ந்தபோது மணி நாலரை. கரைக்கு அரக்கு நிறத் துணி எடுத்தேன். அழகான அரக்கு, புதுப் பட்டுச்சேலையின் கரை மாதிரி.

நடுப்பகுதி 64 அங்குலச் சதுரம், கரை 12 அங்குல அகலம். மனக்கணக்குப் போட்டேன். நாலு பக்கம், 64 வீதம் 256 அங்குலம். துணி அகலம் 42. ஏறக்குறைய ஆறு பட்டை, போதும் என்று நினைத்தேன். பட்டைக்குத் தையல் விளிம்போடு பன்னிரண்டரை அங்குலம், ஆக 75. ஒரு கெஜம் 36 அங்குலம், “இரண்டேகால் கெஜம் வெட்டுங்கள்” என்றேன்.

தையல் தெரிந்தவர்கள் இந்நேரம் கண்டுபிடித்திருப்பீர்கள். மூலைகளை மறந்துவிட்டேன். கரை வைத்த பிறகு மேலும் கீழும் வரும் பட்டைகள் 64 இல்லை, 88 அங்குலம். மொத்தம் 300ஐத் தாண்டும், எட்டுப் பட்டை வேண்டும், வெட்டு நேராக்கவும் சேர்த்து மூன்று கெஜம் வாங்கியிருக்க வேண்டும். காலை பத்து மணிக்கு, காபி குடித்துவிட்டு, காகிதத்தில் கட்டம் வரைந்து பார்த்திருந்தால் இந்தத் தவறு நடந்திருக்காது. நாலரை மணிக்கு, மூன்று கிளாஸுக்குப் பிறகு, பின்னால் ஒருத்தி “சீக்கிரம்டி, லைட்டை அணைக்கிறாங்க” என்று சொல்லும்போது நடந்தது.

வீட்டுக்கு வந்து இரண்டு பட்டை குறைகிறது என்று தெரிந்ததும் மூன்று வாரம் கழித்து மறுபடி போனேன். போக இரண்டேகால் மணி நேரம், வர இரண்டேகால் மணி நேரம். அதே கடை, அதே கம்பெனி, அதே எண். வாங்கிக்கொண்டு வந்து அன்று ராத்திரியே மஞ்சள் விளக்கில் தைத்து முடித்து, மூன்றடுக்கையும் சேர்த்துத் தைக்கும் பெரிய மெஷின் வைத்திருப்பவரிடம் கொடுத்துவிட்டேன். திரும்பி வந்த அன்று காலையில் ஹாலில் விரித்தேன். ஜன்னல் வெளிச்சம் விழுந்ததும் அடிவயிற்றில் என்னவோ செய்தது. மூன்று பக்கம் அரக்கு, மேல்பக்கம் மட்டும் லேசாக மரப்பட்டை நிறம்.

சாயம் லாட். திருப்பூர்க்காரர்களுக்கு இதை விளக்க வேண்டாம். ஒரே எண்ணாக இருந்தாலும் வேறு வேறு தடவை சாயம் போட்ட துணி ஒன்றுபோல வராது. பூப்போட்ட துணியில் அது கண்ணுக்குத் தப்பிவிடும், ஒற்றை நிறத்தில் தப்பாது. ரவிக்கைத் துணி மேட்ச் பார்க்கச் சேலையைக் கடை வாசலுக்கு எடுத்துக்கொண்டு போய் வெயிலில் பிடித்துப் பார்க்கிற ஊரில் பிறந்தவள் நான். அந்தப் பழக்கத்தை அன்று விட்டுவிட்டேன்.

மூன்றடுக்கும் தைத்த பிறகு கரையை மட்டும் பிரிக்க முடியாது. கல்யாணத்துக்கு நான்கே நாள். அப்படியே கொடுத்தேன். அந்தப் பெண் அதை ஆசையாகக் கட்டிலில் விரித்து வைத்திருக்கிறாள், யாருக்கும் வித்தியாசம் தெரியவில்லை. எனக்குத் தெரிகிறது. அவள் வீட்டுக்குப் போகும்போதெல்லாம் என் கண் நேராக அந்த மேல்கரைக்குத்தான் போகிறது. ஐந்து மாதம் தைத்தது அது.

அதனால், கடை திறக்கும் நேரத்துக்குப் போய் நில்லுங்கள். கட்டில் அளவை, மெத்தை உயரத்தோடு, முன்தினமே அளந்து எழுதிக்கொள்ளுங்கள். இங்கே குவீன் மெத்தை 60க்கு 80 அங்குலம், கிங் 76க்கு 80. தடித்த மெத்தை என்றால் இரண்டு பக்கமும் தொங்க இன்னும் நிறைய வேண்டும். ஒரு நிறத்தில் தேவையானதை ஒரே துணிச்சுருளிலிருந்து ஒரே தடவை வெட்டச் சொல்லுங்கள், அரைக் கெஜம் கூடவே வாங்குங்கள். சுருள் முடிகிற நிலையில் இருந்தால் வேறு நிறத்துக்குப் போய்விடுங்கள். துணியை வாசல் வெளிச்சத்தில் பார்க்கக் கேட்டால் இதுவரை எந்தக் கடையிலும் மறுத்ததில்லை. பின்துணிக்கு 108 அங்குல அகலத் துணி தனியாகக் கிடைக்கும், அதைக் கேளுங்கள். வெட்டிய துணியைத் திரும்ப எடுக்க மாட்டார்கள், அது நியாயமும்தான்.

தைத்த குவில்ட்டுக்கு விலை பேசுவது

வேண்டாம். ஒரு பெரிய குவில்ட் ஆயிரம் டாலரைத் தாண்டினால் நமக்கு உடனே திநகர் பழக்கம் வந்துவிடுகிறது. விலைச்சீட்டைப் பார்ப்பதற்கு முன்னால் குவில்ட்டின் பின்பக்கத்தைத் திருப்பிப் பாருங்கள். தையல் சீராக, ஓர் அங்குலத்துக்கு எட்டு, ஒன்பது என்று இருந்தால் அது பல மாத வேலை. அதிலும் ஒரே ஆள் வேலை என்று எண்ண வேண்டாம். ஒருவர் துண்டு இணைப்பார், ஒருவர் கோடு வரைவார், இன்னொருவர் தைப்பார். 1980களிலிருந்து, லாவோஸிலிருந்து அகதிகளாக வந்து இங்கே குடியேறிய ஹ்மாங் பெண்களின் கைவேலையும் லங்காஸ்டர் குவில்ட்களில் நிறைய உண்டு. “ஆமிஷ் பாட்டி தனியாகத் தைத்ததுதானே?” என்று கேட்காமல் “இதை யார் யார் செய்தார்கள்?” என்று கேளுங்கள். நல்ல கடையில் பொறுமையாகச் சொல்வார்கள். வீட்டோடு சேர்ந்த சின்னக் கடைகள் சிலவற்றில் கார்டு வாங்குவதில்லை, ரொக்கம் வைத்திருங்கள்.

ஆமிஷ் மக்களின் முகத்தைப் படம் எடுப்பது

எடுக்காதீர்கள். குதிரை வண்டியை எடுக்கிறேன் என்றும் எடுக்காதீர்கள்.

வண்டி ஓட்டுபவரை அங்கே போய் முடிவு செய்வது

காரில் ஏறும்போதே பெயர் சொல்லியாக வேண்டும். அவர் “ஒரு வாய் மட்டும்” என்று ஆரம்பித்தால் அன்றைக்கு ஒயினரியே வேண்டாம், துணியோடு திரும்பிவிடலாம். நான் அப்படித் திருப்பிக் கூட்டிவந்திருக்கிறேன். இரண்டு நாள் பேசாமல் இருந்தார்கள், அப்புறம் சரியாகிவிட்டது.

கலிஃபோர்னியா ஒயினை இங்கே தேடுவது

ஈரமும் குளிரும் உள்ள ஊர் இது. கேபர்னே என்ற சிவப்பு ஒயினைக் கேட்டு ஏமாறுவதைவிட ஷாம்பூர்சினைக் கேளுங்கள். பூஞ்சைக்கும் குளிருக்கும் ஓரளவு தாக்குப்பிடிக்கும் கலப்பினத் திராட்சை, பென்சில்வேனியாவில் நிறைய விளைகிறது. துவர்ப்பு குறைவு, புளிப்பு கொஞ்சம் தூக்கல். மட்டன் சுக்காவோடு எங்கள் வீட்டில் அடிக்கடி திறப்பது அதுதான்.

பாட்டிலையும் துணியையும் ஒரே டிக்கியில் வைப்பது

வெயில் நாளில் பூட்டிய கார் ஒரு மணி நேரத்தில் ஐம்பது டிகிரியை எட்டும். உள்ளே சூடேறினால் தக்கை மேலே தள்ளும், ஒயின் கசியும். ஷாம்பூர்சின் கருஞ்சிவப்பு, துணியில் பட்டால் போகாது. பாட்டிலுக்கு ஐஸ் பெட்டி, துணிக்குப் பின்சீட்டு. நான் இப்போது துணியைக் கடையிலேயே கட்டி வைக்கச் சொல்லிவிட்டு, திரும்பும் வழியில் எடுத்துக்கொள்கிறேன். மூடும் நேரத்தை மட்டும் கேட்டு வைத்துக்கொள்ள வேண்டும்.

காரைப் பார்க்காமல் கிளம்புவது

இலையுதிர்காலத்தில் போகிறவர்கள் அவசியம் கவனிக்க வேண்டும். புள்ளி லாந்தர்ன் பூச்சி அமெரிக்காவில் முதன்முதலில் 2014இல், பக்கத்து பெர்க்ஸ் கவுண்டியில் கண்டுபிடிக்கப்பட்டது. திராட்சைக் கொடியின் சாற்றை உறிஞ்சிக் கொடியையே பலவீனமாக்கிவிடும். முட்டைகள் காய்ந்த சேறு அப்பியதுபோலச் சாம்பல் நிறத்தில் மரத்திலும் கல்லிலும் வண்டியின் அடியிலும் ஒட்டியிருக்கும், ஓர் அப்பலில் முப்பது நாற்பது முட்டை. அவற்றை நம் காரிலேயே வேறு ஊருக்குக் கொண்டுபோய்விடக் கூடாது, தோட்டத்தைவிட்டுக் கிளம்பும்முன் சக்கரத்தின் உள்பக்கம், பம்பர், கண்ணாடி ஓரம் எல்லாம் குனிந்து பாருங்கள். கண்டால் பழைய கார்டு ஒன்றால் சுரண்டி, சானிட்டைசர் ஊற்றிய பைக்குள் போட்டு மூடிவிடுங்கள்.