பழைய பாட்டில் ஒரு சொல்லைப் பிடித்துக்கொண்டு போவது எப்படி

சங்கப் பாட்டோ தேவாரமோ, முழுதாகப் புரிந்துகொண்டே தீருவேன் என்று உட்காராதீர்கள், ரெண்டு பக்கத்தில் தூக்கம் வந்துவிடும். ஒரு சொல்லை மட்டும் எடுத்துக்கொண்டு அது செத்ததா, புரண்டதா, இன்னும் இருக்கிறதா என்று பாருங்கள்.

முதலில் வாய்விட்டுப் படித்து, பென்சிலால் கோடு போட்டுப் பிரியுங்கள். குறுந்தொகை 40-ஆம் பாட்டில் 'பெயனீர்' என்று வரும். பெயல், நீர் என்று பிரித்தால் மழைத் தண்ணீர், அவ்வளவுதான். பாதிக் கஷ்டம் சேர்த்து எழுதியதில் இருக்கிறது. அதே பாட்டின் தொடக்கம் 'யாயும் ஞாயும்': யாய் என்றால் என் தாய், ஞாய் என்றால் உன் தாய். யாருடைய அம்மா என்பது சொல்லுக்குள்ளேயே இருந்திருக்கிறது! இன்று ஞாய் போயே போச்சு. எங்கம்மா, உங்கம்மா என்று ஒட்டுப் போட்டுத்தான் சமாளிக்கிறோம்.

தெரியாத சொல்லுக்கு அகராதி இருக்கிறது, தெரிந்த சொல்தான் காலை வாரும். குறள் 1274-ல் 'முகைமொக்குள் உள்ளது நாற்றம்போல்' என்று வருகிறதே, அது மொட்டுக்குள் அடங்கியிருக்கும் மணம். இதை நெஞ்சில் வைத்துக்கொண்டு ஒருநாள் மாட்டுத்தாவணி பூ மார்க்கெட்டில் மல்லி அளந்துகொண்டிருந்த அக்காவிடம் "நல்ல நாற்றம்க்கா" என்று சொல்லித் தொலைத்தேன். முழம் போட்ட கை அப்படியே நின்றது. "விடியக்காலம் பறிச்ச பூவுய்யா இது!" குறளைச் சொல்லிச் சமாதானப்படுத்தப் பார்த்தேன், எடுபடவில்லை.

சரி, அகராதியைத் திறக்கும் முன் வீட்டுப் பெரியவர்களிடம் கேட்டுவிடுங்கள். எங்கள் அப்பத்தா "பையப் போடா, வரப்பு வழுக்கும்" என்பார். 'பைய' என்றால் மெதுவாக. குறள் 1098-ல் காதலி 'பைய நகும்'. ஏழாம் நூற்றாண்டில் சம்பந்தர் மதுரைக்கு வந்தபோது அவர் தங்கிய மடத்துக்குத் தீ வைத்தார்கள் என்பது கதை. அந்தத் தீ 'பையவே சென்று பாண்டியற் காகவே' என்று பாடினார். ஆளை எரிக்கப் போகிற தீயைக்கூட மெதுவாகப் போகச் சொன்னாரே என்று எனக்கு எப்போதும் ஓர் ஆச்சரியம்.

அப்புறம், கடினமாக இருப்பதெல்லாம் பழசு என்று முடிவு கட்டிவிடக் கூடாது. பாரதியின் 'தனிமை இரக்கம்' 1904-ல் மதுரையில், 'விவேகபாநு' பத்திரிகையில் அச்சானது. படித்துப் பாருங்கள், சம்பந்தரின் அந்த வரியைவிட அதற்குத்தான் அகராதி அதிகம் வேண்டியிருக்கும். புலவன் என்றால் இப்படித்தான் எழுத வேண்டும் என்றிருந்த காலத்து நடை அது. அதே பாரதிதான் சில வருஷத்தில் சிந்துக்கும் கும்மிக்கும் இறங்கி வந்தார். ஆகவே ஒரு சொல் இன்றைக்குப் பழசா என்பதோடு, எழுதிய அன்றைக்கே பழசாக இருந்ததா என்றும் கேளுங்கள்.

நோட்டில் சொல்லை எழுதும்போது பாட்டு எந்தக் காலத்தது என்பதையும் பக்கத்திலேயே குறித்துவிடுங்கள். நான் குறிக்காமல் விட்டு ரெண்டு நோட்டு வீணாகப் போனது.