கிராக்கோவ், காசிமியெஷ்: பிளாட்ஸ் நோவி சந்தைச் சதுக்கத்தை நடந்தே பார்க்க

போலந்து நகரான கிராக்கோவின் பழைய யூதர் பகுதியான காசிமியெஷுக்குப் போகிறவர்கள் வழியைத் தேடுவதற்கு முன் கிழமையைப் பார்க்க வேண்டும். பழம்பொருள் சந்தை களைகட்டும் நாளும், யூதர்களின் வழிபாட்டுக்கூடங்களான சினகாக்குகள் திறந்திருக்கும் நாளும் ஒன்றல்ல. பழம்பொருள் கடைகள் பிளாட்ஸ் நோவி சதுக்கத்தில் பரப்பப்படுவது சனிக்கிழமை காலையில். அன்றுதான் யூதர்களின் ஓய்வுநாள். வெள்ளி சூரிய அஸ்தமனத்தில் தொடங்கி சனி இருட்டும்வரை, வழிபாடு நடக்கும் சினகாக்குகளுக்குள்ளும் ரெமு கல்லறைத் தோட்டத்துக்குள்ளும் பார்வையாளர்களை விடமாட்டார்கள். டிசம்பரில் அங்கே மாலை 3.40-க்கெல்லாம் சூரியன் மறைந்துவிடும். வெள்ளி மதியம் சாவகாசமாகக் கிளம்பிப் போனால் பூட்டிய கதவைத்தான் பார்க்கலாம். யூதப் பண்டிகை நாட்களிலும் இதே கதைதான்.

ஒரே ஒரு நாள்தான் இருக்கிறது என்றால் ஞாயிறு நல்லது. சதுக்கத்தில் அன்று துணிமணிச் சந்தை, சினகாக்குகளும் திறந்திருக்கும். பழம்பொருள்தான் வேண்டுமென்றால் சனியன்று காலை 8 மணிவாக்கில் போய்விடுங்கள். மதியத்துக்கு மேல் மூட்டை கட்ட ஆரம்பித்துவிடுவார்கள். சனிக்கிழமை மீதி நேரத்துக்கு, அருங்காட்சியகமாக இயங்கும் பழைய சினகாக்கையும் தய்வூர் தெருவிலுள்ள கலீசியா யூத அருங்காட்சியகத்தையும் வைத்துக்கொள்ளலாம்.

நகரின் பெரிய சதுக்கத்திலிருந்து நடந்தால் 20 நிமிடத்துக்குச் சற்றுக் கூடும். க்ரோட்ஸ்கா, ஸ்த்ரதோம்ஸ்கா தெருக்கள் வழியாகத் தெற்கே நேராக வந்தால் தீத்லா என்ற அகலச் சாலை குறுக்கிடும். அந்த இடத்தில் ஒருகாலத்தில் விஸ்துலா ஆற்றின் கிளை ஓடியது. 19-ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் அதைத் தூர்த்துச் சாலையாக்கினார்கள். 1335-இல் மூன்றாம் காசிமிர் மன்னர் நிறுவிய காசிமியெஷ், கிராக்கோவுக்கு வெளியே ஆறு சூழ்ந்த தனி ஊராக இருந்தது. 1495-இல் யான் ஒல்பிராக்த் மன்னர் கிராக்கோவின் யூதர்களை இங்கே இடம்பெயர்த்தார். தீத்லாவைக் கடந்து க்ரகோவ்ஸ்கா தெருவில் கொஞ்ச தூரம் போய், இடப்பக்கம் மெய்செல்ஸா தெருவில் திரும்பினால் சதுக்கம்.

முதல் பார்வையில் பலருக்கு ஏமாற்றம்தான். பிளாட்ஸ் நோவி அழகான சதுக்கம் அல்ல. தாழ்வான வீடுகள், தகரக் கூரைக் கடைகள், நடுவில் குட்டையாக ஒரு வட்டக் கட்டடம். படம் எடுத்துக்கொண்டு ஐந்து நிமிடத்தில் கிளம்பிவிடாதீர்கள். அந்த வட்டக் கட்டடத்திலிருந்துதான் பார்க்கத் தொடங்க வேண்டும்.

உள்ளூரில் அதன் பெயர் ஒக்ரோங்லாக். 1900-இல் சந்தைக் கட்டடமாக எழுந்தது. 1927-இல் யூத சமூகத்தார் குத்தகைக்கு எடுத்து, மதச் சட்டப்படி கோழி அறுக்கும் இடமாக வைத்திருந்தார்கள். இரண்டாம் உலகப் போர் வரும்வரை அப்படியே நடந்தது. வீட்டில் கோழியை நினைத்தபடி அறுத்துவிட முடியாது, அதற்கென்று பயிற்சி பெற்றவர் கையால்தான் ஆக வேண்டும் என்பது அவர்கள் சட்டம். ஓய்வுநாள் விருந்துக்குக் கோழி வேண்டிய குடும்பங்கள் இங்கே வந்தன.  ஒருமுறை முழுதாகச் சுற்றி வாருங்கள். வட்டம் முழுக்கச் சிறு ஜன்னல்கள். இன்று அவற்றின் வழியே விற்பது ஸப்யெகான்கா.

நீளவாக்கில் பிளந்த பாதி பகெட் ரொட்டி, மேலே வதக்கிய காளான், சீஸ், அடுப்பில் சூடாக்கியபின் கெட்ச்சப். 1970-களில் போலந்து முழுக்கப் பரவிய தெருத்தீனி இது, யூத உணவு கிடையாது. அடிப்படை வகையில் இறைச்சி இல்லாததால் சைவர்களுக்கும் வசதி. ஆனால் பட்டியலில் இறைச்சி சேர்த்த வகைகளே அதிகம், சொல்லி வாங்குங்கள். முழங்கையைவிட நீளமாக இருக்கும், இருவருக்கு ஒன்று போதும். வரிசை மிக நீளமான ஜன்னலில்தான் ருசி என்று நம்பி நிற்க வேண்டாம். இரவு 10 மணிக்கு மேல் மதுக்கடைக் கூட்டம் முழுக்க இங்கேதான் வரும், அப்போது எல்லா ஜன்னலிலும் காத்திருப்புதான்.

சந்தையில் வாங்குவதென்றால் சில்லறையாக ஸ்லோத்தி (போலந்துப் பணம்) நோட்டுகள் கையில் இருக்கட்டும். எபிரேய எழுத்து பொறித்த வெள்ளிப் பாத்திரம், போர்க்காலப் பதக்கம் என்று காட்டப்படுபவற்றில் புதிதாகச் செய்து பழசாக்கியவையும் கலந்திருக்கும். நிபுணர் துணையில்லாமல் பெரிய தொகை கொடுக்காதீர்கள். உண்மையிலேயே பழசாக இருந்தால் வேறு சிக்கல்: வயதையும் மதிப்பையும் பொறுத்து நாட்டைவிட்டு எடுத்துப்போக அனுமதிச் சீட்டு தேவைப்படலாம். கையில் காசோடு இருக்கும் யூதர் பொம்மை, படம் ஆகியவற்றை அதிர்ஷ்டம் என்று சொல்லி விற்பார்கள். யூதர்களை அவமதிக்கும் பொருள் அது, தவிர்த்துவிடுங்கள்.

சதுக்கத்தை ஒட்டிய தெருக்களில் பழைய வீட்டு வாசல்களைக் கவனியுங்கள். உள்ளே நுழையும்போது வலக்கைப் பக்கம் வரும் நிலைக்காலில், தோள் உயரத்தில், விரல் நீளத்துக்குச் சாய்வாக ஒரு பள்ளம் சில இடங்களில் தெரியும். வேதவரிகள் எழுதிய தோல்சுருளை வைக்கும் மெஸூஸா என்ற சிறு உறை இருந்த தடம் அது. கல் நிலையில் வெட்டியது தெளிவாகத் தெரியும். மரநிலையில் பலமுறை பூசிய பெயின்ட்டுக்கு அடியில் மங்கலாக மட்டும். வெயில் பக்கவாட்டில் விழும் காலை நேரத்தில் கண்டுபிடிப்பது சுலபம். புதுப்பித்த வீடுகளில் தேடுவது வீண்.

இனி கிழக்கே. இஸாக்கா தெருவில் போனால் 1644-இல் முடிந்த இஸாக் சினகாக். உள்சுவர்களில் எழுதியிருக்கும் எபிரேயப் பிரார்த்தனைகள்தான் அங்கே பார்க்க வேண்டியவை. பிறகு யாகூபா தெருவில் தெற்கே இறங்கி யூஸெஃபா தெருவைப் பிடியுங்கள். எண் 38 உயர சினகாக், 16-ஆம் நூற்றாண்டுக் கட்டடம். தொழுகைக்கூடம் மாடியில் இருந்ததால்தான் அந்தப் பெயர். தெரு முடியும் இடத்தில் ஷெரோக்கா.

ஷெரோக்கா பெயருக்குத்தான் தெரு. பார்த்தால் நீண்ட சதுக்கம். யூத ஊரின் பழைய மையம் இதுதான். இதையே சந்தைச் சதுக்கம் என்று எண்ணி, பிளாட்ஸ் நோவியைப் பார்க்காமலே திரும்புகிறவர்கள் நிறைய. தென்கோடியில் நிற்பது பழைய சினகாக், போலந்தில் எஞ்சியிருப்பவற்றில் மிகப் பழையது. 1570-இல் மத்தேயோ கூச்சி என்ற இத்தாலியர் அதைப் புதுப்பித்துக் கட்டினார். எண் 40-இல் ரெமு சினகாக், அதன் பின்னால் 1535-இல் தொடங்கி 1800 வரை புழங்கிய கல்லறைத் தோட்டம்.

இந்த இடத்துக்கு மட்டும் குறைந்தது முக்கால் மணிநேரம் ஒதுக்குங்கள். ஆண்கள் தலையை மூட வேண்டும். தொப்பி இல்லையென்றால் வாசலில் தருவார்கள். கற்களில் எழுத்து படிக்கத் தெரியாவிட்டாலும் சித்திரம் பேசும்: ஆசீர்வதிக்கும் இரு கைகள் இருந்தால் புரோகித வம்சத்தவர், கூஜா இருந்தால் புரோகிதர்களுக்குப் பணிவிடை செய்த லேவி வம்சத்தவர். ரெமு என்று அழைக்கப்பட்ட யூத மதச் சட்ட அறிஞர் ரபி மோசே இஸ்ஸெர்லெஸ் 1572-இல் இங்கே அடக்கம் செய்யப்பட்டார். வேலியிட்ட அவர் கல்லறையில் யாராவது தொழுதுகொண்டிருந்தால் கேமராவை இறக்கிவிடுங்கள். பூ வைக்கும் வழக்கம் இல்லை, சிறு கல் வைப்பார்கள். உடைந்த கல்லறைக் கற்களைப் பதித்துக் கட்டிய சுவர் தெருப்பக்கம் இருக்கிறது, அதைத் தவறவிடக் கூடாது.

ஷெரோக்காவின் உணவகங்களில் எபிரேயம் போல் வளைத்து எழுதிய பலகைகளைப் பார்த்து மயங்க வேண்டாம். 'யூத பாணி' என்பது வேறு, மதச் சட்டப்படி சமைத்த கோஷர் வேறு. கோஷர்தான் வேண்டுமென்றால் சான்றிதழைக் கேளுங்கள். இங்கே நிற்கும் பேட்டரி வண்டிக்காரர்கள் விடாமல் கூப்பிடுவார்கள். சுற்றுவட்டம் முழுதும் நடக்கிற தூரம்தான். முழங்கால் வலி இருந்தால் ஏறுங்கள், ஏறுமுன் வழியையும் தொகையையும் பேசிக்கொள்ளுங்கள்.

வடக்கு முனையில் மியோதோவா தெரு. வலப்பக்கம் ரயில் பாலத்துக்கு அடியில் போனால் புதிய யூதக் கல்லறைத் தோட்டம். இடப்பக்கம் போனால் எண் 24-இல் 1862-இல் முடிந்த டெம்ப்பெல் சினகாக், அங்கிருந்து எஸ்தெரி தெரு வழியே மறுபடி பிளாட்ஸ் நோவி. உள்ளே நுழைந்து பார்ப்பதையும் சேர்த்து மூன்றரை மணிநேரம் ஆகும். நெடுகிலும் கூழாங்கல் பாவிய தரை, மழை பெய்தால் வழுக்கும்; மெல்லிய அடித்தோல் செருப்பு ஆகாது.

1941 மார்ச்சில் நாஜிகள் கிராக்கோவ் யூதர்களை ஆற்றுக்கு அக்கரையில் பொத்கூஷெ பகுதியிலிருந்த கெட்டோவில் (யூதர்களை ஒதுக்கிவைத்த பகுதி) அடைத்தார்கள். காசிமியெஷின் கட்டடங்கள் நின்றன, வாழ்ந்தவர்கள் இல்லாமல் போனார்கள். அந்தத் தொடர்ச்சியைப் பார்க்க விரும்பினால் அதே நாளில் திணிக்காமல் இன்னொரு காலையை ஒதுக்குங்கள். 2010-இல் திறந்த பெர்னாத்கா நடைபாலத்தைக் கடந்து, வெறும் நாற்காலிகள் நிற்கும் கெட்டோ வீரர்கள் சதுக்கத்துக்குப் போகலாம். போர்க்காலத்தில் யூதர்களைக் காப்பாற்றிய தொழிலதிபர் ஷிண்ட்லரின் தொழிற்சாலை அருங்காட்சியகமும் சேர்ந்தால் அதற்கான சீட்டை முன்கூட்டியே இணையத்தில் எடுத்துவிடுங்கள். கோடைக்காலத்தில் வாசலில் கிடைப்பது கஷ்டம்.